அடிக்கடி பூக்கிற செவ்வரத்தை உண்டாக்க எதை அம்மாவா, எதை அப்பாவா வைக்கிறது?

தருமபுரத்தான்:
வணக்கம் எல்லாருக்கும். எங்கட வளவில ரெண்டு செவ்வரத்தை நிக்குது. ஒண்டு அம்மம்மா காலத்தில இருந்து வேலியோரம் நிக்கிற சாதாரண சிவப்பு, தண்ணி ஊத்தாட்டிலும் வருசம் முழுக்கப் பூக்கும், சாமிக்கு ஆயிறதும் அதுதான். மற்றது வவுனியாவில வாங்கின ஒட்டுக்கண்டு, மஞ்சள், நடுவில ஊதா, பூ சாப்பாட்டுக் கோப்பை அளவு, ஆனா மாசத்துக்கு ரெண்டு பூத்தா அதுவே பெரிசு, சித்திரை வெயிலுக்கு மொட்டெல்லாம் கொட்டிப்போடும். ரெண்டையும் கலந்தா அந்த நிறத்தில விடாமப் பூக்கிற ஒண்டு வருமெண்டு நினைச்சு ஒரு மாசமா சிவப்பில மஞ்சளின்ர மகரந்தத்தைத் தடவுறன், இருபது பூவுக்கு மேல தடவியாச்சு, ஒரு காய் நிக்கேல்ல. வீட்டில சிரிக்கினம். எங்க பிழை விடுறன்?

முள்ளியவளை அக்கா:
தம்பி, அந்த வேலிச் சிவப்பு லேசில காய் பிடிக்காது. இத்தினை வருசத்தில அதில ஒரு காயாவது கண்டிருக்கிறீங்களோ? எல்லாரும் தடி முறிச்சுத்தானே நடுறம். திருப்பிப் போட்டுப் பாருங்கோ, மஞ்சளை அம்மாவா வச்சு சிவப்பின்ர மகரந்தம். அதுவும் நிச்சயமில்லை எண்டபடியா, ஊருக்குள்ள தானாக் காய் பிடிக்கிற ஒற்றை இதழ்ச் செவ்வரத்தை ஏதும் நிக்குதோ எண்டு தேடுங்கோ. அடுக்குச் செவ்வரத்தையை அம்மாவா எடுக்காதேங்கோ, அதில மகரந்தக் காம்பு கனக்க இதழாப் போயிருக்கும், காய் பிடிக்கிறது அருமை.

எத்தினை மணிக்குத் தடவுறீங்கள்? பூ ஒரு நாளுக்குத்தான். காலமை விரிஞ்ச உடன, வெயில் ஏற முதல், நுனியில இருக்கிற அஞ்சு உருண்டையிலயும் படத் தடவோணும். மத்தியானம் தடவி வேலையில்லை. நான் தை மாசியிலதான் செய்யிறனான், மாரி முடிஞ்சு கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கேக்க. காய் முத்த ரெண்டு மாசமளவில எடுக்கும்.

வன்னியில இருந்து ரொறொன்ரோ:
நான் இஞ்ச ஐரிஸ் எண்ட கிழங்கில வளருற பூச்செடி வளக்கிறனான், செடி வேறயெண்டாலும் நீங்கள் மாட்டுப்பட்ட அதே இடத்திலதான் நானும் நாலு வருசம் வீணாக்கினனான். ஐரிஸ் வழமையா வைகாசி ஆனியில ஒருக்காப் பூத்தாச் சரி. சிலது இலையுதிர் காலத்தில திரும்பியும் பூக்கும், 1982இல லொயிட் சூர்பிரிக் எண்டவர் பதிஞ்ச இம்மோர்ட்டாலிட்டி எண்ட வெள்ளை அப்பிடியானது. நான் என்ன செய்தனானெண்டா திரும்பப் பூக்கிற ஒண்டையும் வடிவான, ஒருக்காப் பூக்கிற ஒண்டையும் கலந்தன். விதை போட்டு முதல் பூப் பாக்கவே ரெண்டு மூண்டு வருசம், பாத்தா எல்லாம் வடிவு, ஆனா திரும்பப் பூத்தது ஒண்டுகூட இல்லை. அந்தக் குணம் ஒரு பக்கத்தில மட்டும் இருந்தா முதல் தலைமுறையில பெரும்பாலும் ஒளிஞ்சுபோகும். ரெண்டு பக்கத்திலயும் இருக்கோணும், இல்லாட்டி அந்தப் பிள்ளைகளைத் தங்களுக்குள்ளயோ திரும்பப் பூக்கிற அம்மாவோடயோ இன்னொருக்காக் கலக்கோணும். திரும்பப் பூத்தாலும் பிந்திப் பூத்தா ஐப்பசிப் பனி மொட்டைக் கருக்கிப்போடும், அதால இப்ப முந்திப் பூக்கிறதைத்தான் எடுக்கிறன்.

உங்கட மஞ்சளும் அப்பிடித்தான், நிறத்துக்காகவே ஆக்கினதுகள், கனக்க வேர் பலமில்லாததாலதான் ஒட்டி விக்கிறாங்கள். பூவைப் பாத்து மயங்காம ஒரு கொப்பியில எந்தக் கண்டு எந்த மாசம் எத்தினை பூ எண்டு எழுதுங்கோ. முக்கியமா சித்திரையில மொட்டுக் கொட்டாதது எது எண்டு. இஞ்ச பனி, அங்க வெயில்.

மல்லாவிக்காரன்:
அண்ணை, அடுத்தமுறை வரேக்க ஐரிஸ் கிழங்கு ரெண்டைப் பெட்டிக்க போட்டுக்கொண்டு வாங்கோவன் 😀

வன்னியில இருந்து ரொறொன்ரோ:
வராது தம்பி, நான் வளக்கிற தாடி ஐரிசுக்கு (இதழில தாடி மாதிரி மயிர் இருக்கும்) குளிர்காலம் வேணும், அங்க இலை விடும், பூக்காது. அதோட அனுமதி எடுக்காமச் செடி கொண்டுவந்தா கட்டுநாயக்கா விமான நிலையத்தில பறிச்சுப்போடுவாங்கள், 1999ஆம் ஆண்டுத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு.

தருமபுரத்தான்:
அக்கா, நான் தடவினது பள்ளிக்கூடம் விட்டு வந்து ரெண்டு மணிக்கு 🤦 விசுவமடுவில மாமியின்ர கிணத்தடியில ஒற்றை இதழ், றோஸ் நிறச் செவ்வரத்தை ஒண்டு நிக்குது, எப்ப போனாலும் பூ, காயும் கண்டிருக்கிறன், ஆனா பூ சின்னன், நிறமும் வெளிறல், அதால கணக்கெடுக்கேல்ல. அதை அம்மாவா வச்சு மஞ்சளைப் போடவோ?

முள்ளியவளை அக்கா:
அதுதான் அம்மா. மஞ்சளை ஒருக்காப் போட்டு, வாற கண்டுகளில கனக்கப் பூக்கிறதைத் திரும்ப மாமியின்ர றோசோட கலவுங்கோ. ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு மாதிரி வரும், அதால பத்துப் பன்ரெண்டோட நிக்காதேங்கோ, இடமிருந்தா கனக்கப் போடுங்கோ. முதல் பூவுக்கு ஒரு வருசமெண்டாலும் ஆகும். தடவின பூவில நூல் கட்டித் திகதி எழுதி விடுங்கோ, மாமிக்கும் சொல்லி வையுங்கோ, இல்லாட்டிக் காலமை பூசைக்கு ஆய்ஞ்சுபோடுவா.

தருமபுரத்தான்:
ஐயோ அது உண்மை, அவ மொட்டையும் விடமாட்டா. சனிக்கிழமை விடியவே போறன்.