குளிர் நாட்டுக்கு டேட்டாபேஸ் வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு: முதல் குளிர்காலத்துக்கு முன்னால் சரி செய்ய வேண்டியவை

புதிதாக வந்திருக்கும் டிபிஏ (டேட்டாபேஸைப் பராமரிப்பவர்), டேட்டா இன்ஜினியர் நண்பர்கள் பலரும் முதலில் கேட்பது எந்த ஜாக்கெட் வாங்குவது என்றுதான். அதைச் சொல்கிறேன். ஆனால் குளிர்காலத்தில் ஆன்கால் (இரவிலும் அவசர அழைப்புக்குத் தயாராக இருக்கும் முறை) பார்க்கப்போகிறவர்களுக்கு அதே அளவு முக்கியமான இன்னொரு விஷயம் இருக்கிறது, உங்கள் குவெரி பழக்கம், அதாவது டேட்டாபேஸுக்குக் கட்டளை எழுதி ஓட்டும் விதம். கோடையில், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் நாலு பேர் இருக்கும்போது எந்தக் குழப்பமும் இல்லாமல் ஓடிய அதே கை, டிசம்பர் மாதம் விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் லேப்டாப்பைத் திறக்கும்போது அதே மாதிரி ஓடாது. "நான் கவனமாக இருந்துகொள்வேன்" என்று நம்பி குளிர், குவெரி இரண்டிலும் இறங்காதீர்கள். தடுப்பை முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

முதலில் உடை. ஒரே ஒரு தடிமனான கோட்டை நம்புவதைவிட மூன்று அடுக்காகப் போடுவது நல்லது: உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், நடுவில் ஃப்ளீஸ் மாதிரி ஒன்று, வெளியில் காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட நான்கு விரலும் சேர்ந்து இருக்கும் மிட்டன்தான் அதிகக் கதகதப்பு. காலணி இறுக்கமாக இருக்கக் கூடாது, தடித்த சாக்ஸ் போட்டும் விரலை அசைக்க இடம் வேண்டும்.

வெப்பநிலையை மட்டும் பார்த்துக் கிளம்பாதீர்கள், வானிலை ஆப்பில் "ஃபீல்ஸ் லைக்" என்று இருக்கும் எண்ணையும் பாருங்கள். மைனஸ் 10 டிகிரி செல்சியஸில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி இருக்கும். காது நுனி, மூக்கு, விரல் மரத்துப் போய் வெளிறினாலோ நிறம் மாறினாலோ உடனே உள்ளே போய்விடுங்கள், தேய்க்காதீர்கள், கொதிக்கும் நீரில் வைக்காதீர்கள். உணர்வு திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். இதில் ஆபத்தே வலி நின்றுபோவதுதான். வலி போனதும் சரியாகிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்ச தூரம் நடப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

நடைபாதையில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய பனிப்படலம் இருக்கும். கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடக்காமல், சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் படும்படி நடங்கள்.

அப்புறம் தூக்கம். 60 டிகிரி வடக்கு அட்சரேகைப் பக்கம் இருக்கும் ஊர்களில் டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் சுமார் 6 மணி நேரம்தான். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புவீர்கள். காலையில் கிடைக்கும் வெளிச்சத்தில் கொஞ்ச நேரமாவது வெளியே நடங்கள், மனம் வாரக்கணக்கில் மந்தமாகவே இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். வைட்டமின் டி பற்றியும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இதை ஏன் டேட்டாபேஸ்காரர்களுக்குச் சொல்கிறேன் என்றால், தூக்கம் கெட்டவர் கையில் புரொடக்ஷன் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ சிஸ்டம்) அட்மின் லாகின் இருப்பது உண்மையிலேயே ஆபத்து. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்ததை எல்லோரும் ஒரு முறை படித்துவிடுங்கள். இரவு நேரத்தில் ரெப்ளிகேஷன் (ஒரு சர்வரின் டேட்டாவை இன்னொன்றில் நகலெடுத்துக்கொண்டே இருப்பது) சிக்கலோடு போராடிக்கொண்டிருந்த ஒரு இன்ஜினியர், செகண்டரி (நகல்) சர்வர் என்று நினைத்து பிரைமரியின் (மூல சர்வரின்) டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். மீட்கப் பார்த்தால் வழக்கமான பேக்கப் வெகுநாளாகவே சரியாக எடுக்கப்படவில்லை, பேக்கப் கருவியின் போஸ்ட்கிரஸ் (அவர்கள் பயன்படுத்திய டேட்டாபேஸ்) பதிப்பும் சர்வரின் பதிப்பும் வேறு வேறு. சுமார் 6 மணி நேர டேட்டா போயிற்று. நிறுவனம் எதையும் மறைக்காமல் வெளியிட்டது, அதனால்தான் நாம் கற்றுக்கொள்ள முடிகிறது. அந்த இன்ஜினியர் மேல் பழி போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. இரண்டு சர்வரும் திரையில் ஒரே மாதிரி தெரிந்தால் யாருக்கும் இது நடக்கும்.

ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே புரொடக்ஷன் கனெக்ஷனுக்குச் சிவப்பு நிறம் வையுங்கள். எஸ்எஸ்எம்எஸ் (எஸ்கியூஎல் சர்வருக்கான கருவி), டிபீவர் (பல டேட்டாபேஸுக்கும் பொதுவான கருவி) இரண்டிலும் இதற்கு வசதி இருக்கிறது, போஸ்ட்கிரஸின் கமாண்ட் லைன் கருவியான பிஎஸ்கியூஎல்லில் பிராம்ப்டை மாற்றிக்கொள்ளலாம். அதைவிட நல்லது, அன்றாட வேலைக்கு ரீட் ஒன்லி லாகின் கேட்டு வாங்குவது. எழுதும் உரிமை உள்ள லாகின் தனியாக, தேவைப்படும்போது மட்டும். புதிதாக வந்தவர் இதைக் கேட்டால் திறமை இல்லை என்று நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம், நல்ல டீமில் இதை மதிப்பார்கள்.

அப்டேட், டெலிட் எழுதும்போது முதலில் அதே கண்டிஷனோடு ஒரு செலக்ட் ஓட்டி எத்தனை வரிசை வருகிறது என்று பாருங்கள். பிறகு டிரான்சாக்ஷன் (கமிட் செய்து உறுதியாக்கும் வரை மாற்றங்களைத் திரும்பப் பெறக்கூடிய தொகுப்பு) திறந்து, ஓட்டி, எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் கமிட், இல்லையென்றால் ரோல்பேக், அதாவது திரும்பப் பெறுதல். எஸ்எஸ்எம்எஸ்ஸில் குவெரியின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து எஃப்5 அழுத்தினால் அந்தப் பகுதி மட்டும்தான் ஓடும், கடைசி வரியில் இருக்கும் வேர் (WHERE) கண்டிஷன் விட்டுப்போனால் முழு டேபிளும் மாறிவிடும். மைஎஸ்கியூஎல் பயன்படுத்துபவர்கள் சேஃப் அப்டேட்ஸ் அமைப்பைப் போட்டு வைத்தால், கீ கண்டிஷனோ லிமிட்டோ இல்லாத அப்டேட்டையும் டெலிட்டையும் அது மறுத்துவிடும். டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போவதும் கெட்ட பழக்கம், நீங்கள் போட்ட லாக் (பூட்டு) விடுபடுவதற்காக மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள், போஸ்ட்கிரஸ் என்றால் வேக்யூம் செத்த வரிசைகளைச் சுத்தம் செய்ய முடியாமல் திணறும்.

புது வேலையில் டேட்டாபேஸும் மாறியிருந்தால் பழைய நம்பிக்கையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். எஸ்கியூஎல் சர்வரிலும் போஸ்ட்கிரஸிலும் டிரான்சாக்ஷனுக்குள் போட்ட ட்ரங்கேட்டை (டேபிளை முழுவதும் காலி செய்யும் கட்டளையை) ரோல்பேக் செய்யலாம். ஆரக்கிளிலும் மைஎஸ்கியூஎல்லிலும் முடியாது, அது தானாகவே கமிட் ஆகிவிடும். ஒரு டேட்டாபேஸில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

நான் மிகவும் பயப்படுவது எரர் வராத தவறுகளுக்குத்தான். ஆர்டர்ஸ் டேபிளில் கஸ்டமர் ஐடி இன்னொரு தற்காலிக டேபிளில் இருக்கும் வரிசைகளை மட்டும் அழிக்க, இன் (IN) போட்டு ஒரு சப்குவெரி (குவெரிக்குள் இன்னொரு குவெரி) எழுதுகிறீர்கள். அந்தத் தற்காலிக டேபிளில் அந்தக் காலத்தின் (column) பெயர் உண்மையில் வேறு. எரர் வர வேண்டும் இல்லையா? வராது. உள்ளே கிடைக்காத பெயரை வெளி டேபிளில் இருந்து எடுத்துக்கொண்டு, தற்காலிக டேபிளில் ஒரு வரிசை இருந்தால்கூடப் போதும், கஸ்டமர் ஐடி நல் (NULL, மதிப்பே இல்லாதது) ஆக இல்லாத எல்லா ஆர்டரையும் அழித்துவிடும். ஒவ்வொரு காலம் (column) பெயருக்கும் முன்னால் டேபிள் அலியாஸ் (டேபிளின் சுருக்கப் பெயர்) போடும் பழக்கம் இருந்தால் இது நடக்கவே நடக்காது, உடனே எரர் அடிக்கும். சோம்பல் பார்க்காமல் அலியாஸ் போடுங்கள்.

எஸ்கியூஎல் சர்வரில் லாக் பற்றிக் கவலைப்படாமல் படிக்கச் சொல்லும் நோலாக் போடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேகத்துக்காக எல்லா குவெரியிலும் அதைத் தெளிப்பவர்களிடம் சொல்லுங்கள்: அது கமிட் ஆகாத டேட்டாவைப் படிப்பதோடு நிற்பதில்லை, படித்துக்கொண்டிருக்கும்போது பேஜ் ஸ்பிளிட் (டேட்டா நிரம்பிய பக்கம் இரண்டாகப் பிரிவது) நடந்தால் ஒரே வரிசை இரண்டு முறை வரலாம், சில வரிசைகள் வராமலே போகலாம். பணம் சம்பந்தப்பட்ட ரிப்போர்ட்டில் கண்டிப்பாக வேண்டாம். பிளாக்கிங்தான் (லாக்குக்காகக் காத்திருப்பதுதான்) தொல்லை என்றால் ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட் (கமிட் ஆன பதிப்பைக் காத்திருக்காமல் படிக்கும் அமைப்பு) பற்றி டீமில் பேசுங்கள், அதற்கு டெம்ப்டிபி என்ற தற்காலிக டேட்டாபேஸில் சுமை கூடும், சோதித்துப் பார்த்துத்தான் இயக்க வேண்டும்.

தேதியும் நாடு மாறும்போது மாறும். எஸ்கியூஎல் சர்வரில் 03/04/2025 என்று எழுதினால் அது மார்ச் 4ஆ ஏப்ரல் 3ஆ என்பது உங்கள் லாகின் மொழியைப் பொறுத்தது. டேட்டைம் டைப்பில் 2025-04-03 என்று எழுதினால்கூட பிரிட்டிஷ் மொழி அமைப்பில் தலைகீழாகிவிடும். இடையில் கோடு எதுவும் இல்லாமல் 20250403 என்று எழுதுங்கள், அது எங்கேயும் ஒரே பொருள்தான். நாள் 12க்குள் இருக்கும் வரை தப்பு கண்ணிலேயே படாது, 13ஆம் தேதி வந்த பிறகுதான் எரர் வரும்.

லேப்டாப் பற்றியும் ஒரு வார்த்தை. கடும் குளிரில் இருந்து சூடான வீட்டுக்குள் வந்ததும் உடனே திறக்காதீர்கள், உள்ளே ஈரம் படியும். பையிலேயே கொஞ்ச நேரம் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். உறைநிலைக்குக் கீழே இருக்கும் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போட்டால் அது கெட்டுப்போகும். குளிரில் ஃபோன் சார்ஜ் சட்டென்று இறங்கி அணைந்தும் போகலாம், ஆன்கால் வாரத்தில் அதை உள் பாக்கெட்டில் உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கடிகார மாற்றம். இதைப் பார்த்தே இராதவர்கள் கவனமாகப் படியுங்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும், மார்ச்சில் முன்னால், அக்டோபரில் பின்னால். அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான இடங்களில் மார்ச் இரண்டாவது ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. அமெரிக்க உள்ளூர் நேரப்படி மார்ச்சில் அந்த நாள் அதிகாலை 2 மணியில் இருந்து 3 மணி வரை என்ற நேரமே இருக்காது, நவம்பரில் 1 மணியில் இருந்து 2 மணி வரை இரண்டு முறை வரும். அந்த இடைவெளியில் உள்ளூர் நேரத்தில் வைத்த பேக்கப் அல்லது பில்லிங் ஜாப், ஷெட்யூலரைப் பொறுத்து, ஓடாமலும் போகலாம், இரண்டு முறையும் ஓடலாம். சர்வர் நேரத்தை யுடிசியில் (கடிகார மாற்றம் இல்லாத உலகப் பொது நேரம்) வைக்கச் சொல்லுங்கள். அது உங்கள் கையில் இல்லை என்றால், அதிகாலை 1 முதல் 3 மணிக்குள் இருக்கும் ஜாப் எல்லாவற்றையும் இந்த வாரமே பட்டியல் போட்டு, இரண்டு முறை ஓடினால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் டீமில் கேட்டு எழுதி வையுங்கள். பில்லிங் ஜாப்பில் இருந்து ஆரம்பியுங்கள்.