இன்வேஷன் அஸே: ஒரு இன்ஸர்ட்டில் கூட்டம், இரண்டில் காலி. உதவுங்கள்

கொழிஞ்சாம்பாறை: புற்றுநோய் செல்கள் ஜெல்லைத் துளைத்துக்கொண்டு கீழே வருகின்றனவா என்று பார்க்கும் சோதனை இது. ஜெல்லை இன்ஸர்ட்டில் (அடியில் துளைச் சவ்வு உள்ள சின்னக் கிண்ணம்) பூசி, செல்களை மேலே போடுகிறேன். மூன்றாவது தடவையும் போச்சு. ஒரே தட்டு, ஒரே செல். ஒரு இன்ஸர்ட்டின் அடியில் செல்கள் மொய்க்கின்றன, பக்கத்து இரண்டில் ஒன்றுகூட இல்லை. வெள்ளிக்கிழமை கைடிடம் காட்டணும்.

கல்ச்சர்_ரூம்: எந்த செல்? துளை எத்தனை மைக்ரான்? எத்தனை மணி நேரம்? மேலே சீரம் போட்டீர்களா?

பழைய_பிப்பெட்: எதையுமே எழுதாமல் கேட்டால் யார் என்ன சொல்வது? பாய்டன் 1962-லேயே இந்தச் சேம்பரை விளக்கிவிட்டார். அடிப்படையைப் படித்துவிட்டு வாங்க.

கொழிஞ்சாம்பாறை: மன்னிக்கணும். எம்டிஏ-எம்பி-231 (மார்பகப் புற்றுநோய் செல்), 8 மைக்ரான், 24 மணி. மேலே சீரம் இல்லை, செல்களை இழுக்கக் கீழே 10% எஃப்பிஎஸ் (மாட்டுக் கருவின் சீரம்).

மீனாட்சிபுரம்: துளைக்காமல் மேல்பக்கத்திலேயே நின்ற செல்களைப் பஞ்சுக்குச்சியால் சரியாகத் துடைத்தீர்களா? எனக்கு ஓரத்தில் எப்போதும் மிஞ்சும்.

கல்ச்சர்_ரூம்: செல்களைப் பிரித்தெடுக்கும் டிரிப்சினை நிறுத்தப் போட்ட சீரம் மேலே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். நன்றாகக் கழுவணும்.

மீனாட்சிபுரம்: அப்படியென்றால் மூன்றிலும்தானே குறையணும்?

பழைய_பிப்பெட்: பேசாமல் ஸ்க்ராட்ச் போடுங்கள். செல் பரப்பில் பிப்பெட் டிப்பால் ஒரு கோடு கீறி, 0 மணி படம், 24 மணி படம்; கோடு எவ்வளவு மூடியது என்று பார்த்தால் போதும். வேலை முடிந்தது.

கல்ச்சர்_ரூம்: அது நகர்வு சார், ஊடுருவல் இல்லை. வெறும் தரையில் ஓடுவதும் ஜெல்லைக் கரைத்துக்கொண்டு துளைப்பதும் ஒன்றா? செல் பெருகினாலும் கோடு மூடும். பெருக்கத்தை நிறுத்தும் மைட்டோமைசின் கொடுக்காமல் நம்ப முடியாது.

பழைய_பிப்பெட்: மைட்டோமைசின் செல்லையே கொல்லும். சீரத்தைக் குறைத்தால் போதும்.

கல்ச்சர்_ரூம்: டோஸ் பார்த்து, இரண்டு மணி நேரத்தில் கழுவிவிட்டால் கொல்லாது. சீரம் குறைத்தால் நகர்வும்தான் குறையும்.

மீனாட்சிபுரம்: தங்கச்சி, இன்ஸர்ட்டில் பூசிய ஜெல், அந்த மேட்ரிஜெல், எங்கிருந்து வந்தது?

கொழிஞ்சாம்பாறை: கோயம்புத்தூரில் தெரிந்த அக்காவின் லேபிலிருந்து, தெர்மோகோல் பெட்டியில், பஸ்ஸில். கேரள எல்லையில், வாளையாரில் லாரி நெரிசல், ஒன்றரை மணி நேரம் நின்றோம். திறந்தபோது ஐஸ் முழுக்கத் தண்ணீர். உடனே ஃப்ரீஸரில் வைத்துவிட்டேன், அதனால் சொல்லவில்லை.

மீனாட்சிபுரம்: அங்கேதான் போயிருக்கு. 10 டிகிரி தாண்டினாலே இறுக ஆரம்பிக்கும். பாதி இறுகியது கட்டி கட்டியாக விழும்; ஒரு இன்ஸர்ட்டில் ஓட்டை, இன்னொன்றில் கெட்டி. ஐஸில் வைத்து டியூபைச் சாய்த்துப் பார்.

கொழிஞ்சாம்பாறை: பார்த்தேன் அக்கா. அடியில் ஜவ்வரிசி மாதிரி இரண்டு உருண்டை, நகரவே இல்லை.

மீனாட்சிபுரம்: அதை வைத்து அஸே போடாதே. புது அலிக்வாட் (பிரித்து வைத்த சின்னப் பங்கு) வாங்கு, ராத்திரி முழுக்க 4 டிகிரியில் ஐஸுக்குள் உருகட்டும். டிப், தட்டு, இன்ஸர்ட் எல்லாம் முன்கூட்டியே குளிர்ந்திருக்கணும். ஜெல் பூசாத இன்ஸர்ட்டும் கூடவே வை, இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவாய்? கைடிடம் வாளையாரை மறைக்காமல் சொல்.

கொழிஞ்சாம்பாறை: சொல்லிட்டேன், ஒரு வாரம் கொடுத்திருக்கிறார். காலை முதல் பஸ்ஸில், இரண்டு மடங்கு ஐஸோடு போறேன்.