புதுப்பிப்பு: கருப்பையை எடுக்கவில்லை, 4 மாதம் ஆகிறது

மாதவிடாய் 10 நாள் கொட்டுகிறது, கருப்பையில் நார்த்திசுக் கட்டி (ஃபைப்ராய்டு) இருக்கிறது, கருப்பையை எடுத்துத்தான் ஆகவேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அக்காமார் எல்லாருக்கும் நன்றி.

டர்பனிலேயே எம்போலைசேஷன் செய்துகொண்டேன். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்கு ரத்தம் போகும் நாளங்களை மணல் போன்ற துகள்களால் அடைத்தார்கள். முழு மயக்கம் கிடையாது. கையில் ஒரு சின்ன பிளாஸ்திரி, அவ்வளவுதான்.

ஆனால் முதல் இரவு வலி பிரசவ வலிக்குச் சமம். இதை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்: வலி மருந்தைப் பற்றி முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒரு வாரம் அசதி, லேசான காய்ச்சல். காய்ச்சல் ஏறினாலோ நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ காத்திருக்காதீர்கள், அது தொற்றாக இருக்கலாம்.

கட்டி உடனே சுருங்காது, மாதக்கணக்காகும். எனக்கு மூன்றாவது மாதவிடாய் 5 நாளில் நின்றது. படுக்கையில் விரித்துவந்த கறுப்புத் துண்டை மடித்து வைத்துவிட்டேன். சனிக்கிழமை சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் எங்கும் உட்காராமல் இரண்டு பை காய்கறி தூக்கிவந்தேன். இரும்பு மாத்திரை மட்டும் தொடர்கிறது.

இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்கள் முதலில் அதை டாக்டரிடம் பேசுங்கள். ரத்தப்போக்கைக் குறைக்கும் மற்ற வழிகளில், கருப்பை உட்சுவரைச் சுட்டெடுக்கும் முறை அவர்களுக்கு ஆகாது. கருப்பைக்குள் வைக்கும் சின்னச் சாதனமான ஹார்மோன் காயிலைப் பிறகு எடுத்துவிடலாம்.