டெஸ்ட் ஆபரேட்டராக இருக்கிறேன், டெஸ்ட் இன்ஜினியர் ஆக வழி இருக்கிறதா?

கேள்வி: செய்யாற்றுப் பெண்

அனைவருக்கும் வணக்கம். நான் பாலிடெக்னிக்கில் ஈசிஇ டிப்ளமா முடித்தவள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்ததாரர் மூலமாக டெஸ்ட் ஆபரேட்டர் வேலையில் சேர்ந்து ஓராண்டு தாண்டிவிட்டது. விடுதியில் தங்கி ஷிஃப்ட் பஸ்ஸில் போய்வருகிறேன்.

வேலை இவ்வளவுதான்: மின்னணு சர்க்யூட் போர்டை எடுத்து, அதைப் பிடித்து வைத்துச் சோதிக்கும் ஃபிக்சரில் வைக்க வேண்டும், மூடியை இறக்க வேண்டும், பார்கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். பச்சை வந்தால் இடப்பக்கத் தட்டு. சிவப்பு வந்தால் இன்னொரு முறை வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் சிவப்பு என்றால் சிவப்புக் கூடை. அந்தக் கூடைக்குப் போன போர்டு என்ன ஆகிறது என்று யாரும் சொல்வதில்லை. கேட்டால், "உன் எண்ணிக்கையைப் பார்" என்கிறார்கள்.

படித்த படிப்பு மறந்துகொண்டே வருகிறது. வங்கித் தேர்வுக்குப் படி என்று அப்பா சொல்கிறார். சாஃப்ட்வேர் டெஸ்டிங் பக்கம் போய்விடு என்கிறாள் தோழி. சென்னையில் ஒரு பயிற்சி மையம், வேலை உறுதி என்று சொல்லி என் பல மாதச் சம்பளத்தைக் கட்டணமாகக் கேட்கிறது. எனக்கோ இந்தத் துறையை விட மனமில்லை. ஆபரேட்டராக இருந்து மேலே போனவர்கள் யாராவது இருந்தால், எங்கே தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

பதில்: ஃபிக்சர்காரன்

சகோதரி, வழி இருக்கிறது. நீங்கள் சொன்ன அந்தச் சிவப்புக் கூடைக்குள்தான் இருக்கிறது.

நானும் ஆபரேட்டராக நுழைந்தவன்தான். இன்று ஃபிக்சர் வடிவமைத்து, டெஸ்ட் புரோகிராம் எழுதுகிறேன். ஒரகடம், மறைமலை நகர், ஸ்ரீபெரும்புதூர் என்று எங்கே பார்த்தாலும், பச்சை விளக்கைப் பார்த்துப் போர்டை நகர்த்த ஆள் கிடைக்கிறது. சிவப்பு ஏன் எரிந்தது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதைச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் டெஸ்ட் இன்ஜினியர் சம்பளம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஐசிடி, அதாவது போர்டில் உள்ள பாகங்களை ஊசிகளால் தொட்டு அளக்கும் சோதனை நிலையத்தில், ஒரு போர்டு தோற்கிறது. 10 ஓம் மின்தடை 12 ஓம் என்று திரையில் வருகிறது. 5 சதவீதம் அனுமதி என்றால் 9.5 முதல் 10.5 வரைதான் இருக்கலாம். அதே போர்டில் இருக்கும் 10 கிலோ ஓம் மின்தடைகள் எல்லாம் தேறிவிடுகின்றன. அடுத்த போர்டிலும் அதே 10 ஓம் தோற்கிறது, அதற்கடுத்ததிலும் அப்படியே. உதிரிபாகம் மோசம் என்று உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஃபிக்சரைத் திறந்து அடியில் இருக்கும் ஸ்பிரிங் ஊசியின் முனையைப் பாருங்கள். சால்டர் வைக்கப் பயன்படுத்தும் ஃபிளக்ஸின் கசடு கறுப்பாக அப்பியிருக்கும். அந்தக் கசடு கூட்டிய 2 ஓம், 10 கிலோ ஓமில் இருக்கும் இடம் தெரியாது. 10 ஓமிலோ போர்டையே தோற்கடித்துவிடும்.

இதை உறுதிசெய்ய எளிய வழி, அதே போர்டைப் பக்கத்து ஃபிக்சரில் வைத்துப் பார்ப்பது. அங்கே தேறினால் கோளாறு ஃபிக்சரில், அங்கேயும் தோற்றால் போர்டில். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் நல்ல மின்தடையைச் சூடு காட்டிக் கழற்றி, போர்டின் செம்புத் தடத்தையும் பெயர்த்தெடுத்துவிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

முதல் முறை சிவப்பு, இரண்டாம் முறை பச்சை என்றால் "தேறிவிட்டது" என்று எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். ஊசி சரியாகத் தொடாமல் இருந்திருக்கலாம். அல்லது அரைகுறையாகப் பிடித்த ஒரு சால்டர் இணைப்பு, தொட்டும் தொடாமலும் இருந்து, நாளை வாடிக்கையாளரின் கையில் போய் உயிரை விடலாம். எந்தச் சோதனைப் படி, எந்த ஃபிக்சர், இரண்டாம் முறை என்ன ஆனது என்று மனத்தில் குறித்து வையுங்கள். ஒரு வாரத்தில் உங்களுக்கே ஓர் ஒழுங்கு பிடிபடும். அதைச் சூப்பர்வைசரிடம் சொல்லாமல், டெஸ்ட் இன்ஜினியரிடம் நேராகச் சொல்லுங்கள். "மூன்றாம் ஃபிக்சரில் மட்டும் இந்தப் படி அடிக்கடி தோற்கிறது" என்று ஓர் ஆபரேட்டர் வந்து சொன்னால் அந்த முகத்தை எந்த இன்ஜினியரும் மறக்கமாட்டார். ஒன்று மட்டும் எச்சரிக்கை: வாடிக்கையாளரின் வரைபடமோ, பாக எண்ணோ, படமோ எதுவும் தொழிற்சாலைக்கு வெளியே வரக் கூடாது. பாடத்தை மட்டும் எடுத்து வாருங்கள்.

அடுத்த படி பழுது பார்க்கும் மேசை. சர்க்யூட் வரைபடம் படிக்கவும், நுண்ணோக்கியின் கீழே சால்டர் வைக்கவும் அங்கேதான் கை பழகும். அங்கே போவதற்கான நேர்காணலில் நான் கேட்கும் கேள்வி ஒன்று: 103 என்று அச்சிட்ட மின்தடை, அதாவது 10 கிலோ ஓம். போர்டிலேயே வைத்து மல்டிமீட்டரில் அளந்தால் 5 கிலோ ஓம் காட்டுகிறது. மின்தடை கெட்டுவிட்டதா? வேறு வழியாகவும் மின்னோட்டம் போகிறது, பக்கவாட்டில் இன்னொரு 10 கிலோ ஓம் இணைந்திருக்கலாம் என்று சொன்னால் போதும். டிப்ளமாவில் தொடக்கப் பாடம் இது. ஆனால் பட்டம் பெற்றவர்களே தடுமாறுகிறார்கள்.

இன்னொரு கேள்வி: ஐசிடி-யில் தேறிய போர்டு, எஃப்சிடி என்ற செயல்பாட்டுச் சோதனையில் தோற்றால் எங்கே தொடங்குவீர்கள்? ஐசிடி பெரும்பாலும் மின்சாரம் கொடுக்காமல் ஒவ்வொரு பாகமாக அளக்கிறது. எஃப்சிடி போர்டுக்கு உயிர் கொடுத்து வேலை வாங்குகிறது. எனவே முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு மின்னோட்டத்துக்கு வரம்பு வைத்து மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு மின்னழுத்தமும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் கிளாக், ரீசெட் சிக்னல்கள் எல்லாம். இந்த வரிசை பழக்கத்தில் வரவேண்டும், மனப்பாடம் உதவாது.

பைத்தான் நிரல்மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். அளவுக் கருவிகள் பலவும் 1990-இல் வந்த எஸ்சிபிஐ என்ற பொதுக் கட்டளைமொழியைப் புரிந்துகொள்கின்றன. "நீ யார்" என்று ஒரு வரி அனுப்பினால் கருவி தன் பெயரையும் மாடலையும் திருப்பி அனுப்பும். அந்த ஒரு வரி வேலை செய்துவிட்டால் மீதி எல்லாம் பொறுமைதான். கருவிகளை இயக்கிச் சோதிக்க உதவும் லேப்வியூ மென்பொருளைத் தொழிற்சாலையிலேயே பிறகு கற்றுக்கொள்ளலாம்.

பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டாதீர்கள். "வேலை உறுதி" என்பதை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், அப்போது தெரியும்.

2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது நான் வேறொரு நிறுவனத்தில் இருந்தேன். அங்கிருந்து வேலை தேடி வந்தவர்களை நேர்காணல் செய்தவர்களில் நானும் ஒருவன். எந்த லைனில் இருந்தோம் என்று மட்டும் சொன்னவர்களுக்கு எங்களால் அதிகம் செய்ய முடியவில்லை. பழுது கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களை அன்று மாலையே எடுத்துக்கொண்டோம். ஆலை யாருடையது என்பது மாறலாம், அந்தத் திறமை உங்களோடு வரும்.

பதில்: அளவுத்திருத்த அக்கா

தங்கை, மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் உற்பத்தி லைனைத் தாண்டியும் இந்தத் துறையில் இடம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்.

உன் லைனில் இருக்கும் மல்டிமீட்டரில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கருவி சரியாக அளக்கிறதா என்று கடைசியாக அளவுத்திருத்தம் (கேலிபிரேஷன்) செய்த தேதியும் அடுத்த தேதியும் அதில் இருக்கும். அந்தத் தேதியை எழுதுவதற்குப் பின்னால் ஒரு தொழிலே இருக்கிறது, நான் அதில்தான் இருக்கிறேன். ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரத்தின்படி, தேசிய அங்கீகார வாரியமான என்ஏபிஎல்-இன் அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்த, சோதனை ஆய்வகங்கள் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் நிறைய உண்டு. டிப்ளமா படித்தவர்களை எடுக்கிறார்கள். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் நான் பார்த்த வரையில் இரவு ஷிஃப்ட் அபூர்வம், அதனால் மாலையில் மேலே படிக்க நேரம் கிடைக்கும். அளவீட்டில் எவ்வளவு ஐயப்பாடு இருக்கிறது என்று கணக்கிடக் கற்றுக்கொண்டால், பிறகு எந்த எண்ணையும் அப்படியே நம்பமாட்டாய்.

இன்னொரு கிளை மின்காந்த இடையூறுச் சோதனை. ஒரு கருவி பக்கத்துக் கருவியைத் தொந்தரவு செய்கிறதா, பக்கத்துக் கருவியின் தொந்தரவைத் தாங்குகிறதா என்று பார்ப்பது. தரமணியில் மத்திய அரசின் சமீர் ஆய்வகமும், ஒரகடத்தில் வாகனங்களுக்கான ஜிஏஆர்சி மையமும் இதைச் செய்கின்றன. சென்னையில் மத்திய அரசின் தரச்சோதனை அமைப்பான எஸ்டிகியூசி-யின் மின்னணுச் சோதனை மையமும் இருக்கிறது. இவற்றின் பணி அறிவிப்புகளை அவ்வப்போது பார்த்துக்கொண்டிரு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிப்ளமா முடித்த கையோடு, மத்திய அரசின் தொழில்பழகுநர் பயிற்சித் திட்டமான என்ஏடிஎஸ்-இல் ஓராண்டுத் தொழில்பழகுநராகச் சேர்ந்துவிடுங்கள். ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் வந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். இந்தத் தங்கைக்கு அது ஏற்கெனவே மூடிவிட்டது, யாரும் சொல்லித்தராததால். எனக்கு அதுதான் வருத்தம்.

பதில்: சிப் சோதனை, பெங்களூரு

சிப் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அண்ணன் சொன்னதில் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன்: பட்டம் வேண்டாம் என்ற எண்ணம் வந்துவிட வேண்டாம். போர்டு சோதனையில் திறமையை வைத்து வெகுதூரம் போகலாம். சிப் சோதனையில் பி.இ. இல்லாமல் விண்ணப்பத்தைப் பிரித்தே பார்க்காத நிறுவனங்கள் இருக்கின்றன. அது நியாயம் என்று நான் சொல்லவில்லை, நடப்பது அதுதான். டிப்ளமா முடித்தவர்கள் பி.இ. இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம். வீட்டு நிலைமை இடம் கொடுத்தால் தீவிரமாக யோசியுங்கள்.

குஜராத்தில் சானந்த், அசாமில் ஜாகிரோடு ஆகிய இடங்களின் புதிய சிப் ஆலைகள் சிப்பைப் பொதிந்து சோதிப்பவை. அங்கே சோதனைக்கும் ஆட்கள் தேவைப்படுவார்கள். ஊரை விட்டுப் போகத் தயார் என்றால் அதையும் கணக்கில் வையுங்கள்.

ஐபிசி-ஏ-610 சான்றிதழைப் பற்றி யாராவது சொல்வார்கள். போர்டில் எந்தச் சால்டர் இணைப்பு ஏற்கத்தக்கது, எது குறை என்று சொல்லும் நல்ல தரநூல் அது. ஆனால் சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். சொந்தப் பணத்தில் எடுக்காதீர்கள், நிறுவனம் அனுப்பினால் போங்கள்.

செய்யாற்றுப் பெண்

எல்லோருக்கும் நன்றி. பக்கத்து ஃபிக்சர் சோதனையைச் செய்து பார்த்தேன். தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த ஒரு போர்டு அங்கே முதல் முறையிலேயே தேறிவிட்டது! டெஸ்ட் இன்ஜினியரிடம் சொன்னேன். ஊசிகளைத் துடைக்கச் சொன்னார், பிறகு என் பெயரைக் கேட்டார். பழுது மேசைக்கு மாற்றம் கேட்டதற்குச் சூப்பர்வைசர் மறுத்துவிட்டார். ஆனால் அங்கே இருக்கும் அக்கா, தேநீர் இடைவேளையில் வந்து நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் இன்னும் ஓராண்டு அவகாசம் கேட்டிருக்கிறேன். விடுதி அறையில் வைத்துப் பழக, குறைந்த செலவில் என்ன வாங்கலாம்?

பதில்: ஃபிக்சர்காரன்

பெயரைக் கேட்டாரா, மிக்க மகிழ்ச்சி. அந்த அக்காவை விட்டுவிடாதீர்கள். அவர் எதை முதலில் தொடுகிறார், எதை அளந்த பிறகு தலையை ஆட்டுகிறார் என்று மட்டும் பாருங்கள். இடைவேளையில் கேள்வி கேட்டு அவர் தேநீரை ஆறவிடாதீர்கள். கேள்விகளைச் சேர்த்து வைத்து வாரம் ஒருமுறை கேளுங்கள்.

ஒரு விடுமுறை நாளில் சென்னையில் மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போங்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வாரநாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர், வெப்பம் மாற்றக்கூடிய சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஈயக்கம்பி, ஒரு சாமணம் போதும். ஆசிலாஸ்கோப் இப்போது வேண்டாம். கூடவே 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பழைய செட்-டாப் பாக்ஸ் ஒன்று வாங்குங்கள். கெட்டுப்போனதாக இருந்தாலும் நல்லதுதான்.

இதைக் கவனமாகப் படியுங்கள்: வீட்டு மின்சாரம் நேரடியாக நுழையும் எதையும் இப்போதைக்குத் திறக்காதீர்கள். மொபைல் சார்ஜர், டிவி பவர் சப்ளை, அடாப்டரின் உட்பகுதி எல்லாமே இதில் சேரும். 230 வோல்ட்டை நேர்மின்னாக்கிய பிறகு உள்ளே இருக்கும் மின்தேக்கியில் 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கலாம். செட்-டாப் பாக்ஸுக்குள் 12 வோல்ட்தான் வருகிறது, தைரியமாகக் கை வைக்கலாம். வாங்கும்போது மட்டும் அடாப்டர் வெளியே தனியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

முதல் வேலை, மின்சாரம் கொடுக்காமல் போர்டில் இருக்கும் மின்தடைகளை அளந்து, மேலே அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுவது. எது குறைவாகக் காட்டுகிறதோ அதன் ஒரு முனையைச் சால்டர் உருக்கித் தூக்கி, மறுபடி அளந்து பாருங்கள். பிறகு 12 வோல்ட் கொடுத்து, கறுப்பு முனையைத் தரையிணைப்பில் வைத்து, 12 எங்கே 5 ஆகிறது, 5 எங்கே 3.3 ஆகிறது என்று தேடிக்கொண்டே போங்கள். புரோப் முனை வழுக்கி இரண்டு கால்களைச் சேர்த்துத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்ததை ஒரு தாளில் வரையுங்கள். அது உங்கள் சொந்தப் போர்டு என்பதால் படத்தை இங்கே போடுவதில் தடை எதுவும் இல்லை. போடுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.