பர்மா ஸ்டார் ரிப்பன் யூவி வெளிச்சத்தில் மின்னுகிறது, மெடல் போலியா?

பள்ளத்தூரான்:
வணக்கம். எங்கள் அப்பத்தா வீட்டு இரண்டாங்கட்டில் கிடந்த தகரப்பெட்டியில் இரண்டு பட்டாளத்து மெடல் கிடைத்தது. ஒன்று ஆறு முனை நட்சத்திரம், நடுவில் கிரீடம், சுற்றி பர்மா ஸ்டார் என்று எழுத்து. ஐயாவின் தம்பி பர்மா சண்டைக்குப் போனார் என்று வீட்டில் சொல்வார்கள். இன்னொன்று வட்டமான வெள்ளி, ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு ஆள், 1914, 1918 என்று வருடம். இது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. கள்ளநோட்டு பார்க்கிற யூவி டார்ச்சை அடித்தால் ஸ்டாரின் ரிப்பன் பளீரென்று நீலமாக மின்னுகிறது. அப்படியென்றால் மெடலே போலிதான் என்கிறான் நண்பன். ரிப்பன் மூன்று சமமான பட்டை: கருநீலம், சிவப்பு, இளநீலம். சித்தி வேறு புளி போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

கோட்டையூர் சேகரிப்பு:
முதலில் சித்தியிடமிருந்து மெடலை வாங்கி வையுங்கள் தம்பி. புளி, எலுமிச்சை, பிராஸோ எதுவும் வேண்டாம். பித்தளைக் குடத்துக்குச் சரி, இதற்குக் கூடாது. விளிம்பிலோ பின்பக்கத்திலோ பொறித்த எழுத்துதான் மெடலின் உயிர், ஒவ்வொரு தேய்ப்பிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

அப்புறம் ரிப்பன். நீங்கள் சொல்லும் மூன்று பட்டை பர்மா ஸ்டாருடையதே இல்லை, அது இரண்டாம் உலகப்போரின் இன்னொரு மெடலான 1939–45 ஸ்டாருடையது. கப்பற்படை, தரைப்படை, விமானப்படைக்கு ஒவ்வொரு நிறம். பர்மா ஸ்டாருக்கு நடுவில் அகலமான சிவப்பு, இரண்டு பக்கமும் கருநீலம், அந்த நீலத்தின் நடுவே ஆரஞ்சுக் கோடு. யாரோ பிற்பாடு கையில் கிடைத்த ரிப்பனைக் கோத்திருக்கிறார்கள். மின்னுவதற்குக் காரணம் வெண்மை கூட்டும் ரசாயனம். இந்தக் காலத்து நூலில் அது இருக்கும், பழைய பருத்தி ரிப்பனில் இருக்காது. ஆனால் பழைய ரிப்பனையே சோப்புத்தூளில் அலசியிருந்தாலும் மின்னும், அதனால் டார்ச்சை மட்டும் நம்ப வேண்டாம். வெட்டு முனையில் ஒரே ஒரு இழையை உருவி, மெடலுக்குத் தள்ளி வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

ரிப்பன் புதுசு என்பதால் மெடல் போலி ஆகிவிடாது. ரிப்பன் நைந்து போகிற பொருள், மாற்றத்தான் செய்வார்கள். ஸ்டாரைத் திருப்பிப் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பள்ளத்தூரான்:
இழையைக் கொளுத்தினேன், உருகி மணியாகிவிட்டது. ஸ்டாரின் பின்பக்கம் வழவழவென்று இருக்கிறது, லென்ஸ் வைத்தால் ஒரு எண், எஸ்பிஆர், ஐயாவின் தம்பி பெயர் (ஆங்கிலத்தில் ஒரு எழுத்து மாறி), கடைசியில் ஐ.இ. என்று இருக்கிறது.

பழைய சிப்பாய்:
தம்பி, நான் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவன், படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. எஸ்பிஆர் என்றால் சாப்பர், அதாவது பாலம், பாதை போடும் இன்ஜினியர் படைச் சிப்பாய். ஐ.இ. இந்தியன் இன்ஜினியர்ஸ். பிரிட்டிஷ்காரர்களுக்குக் கொடுத்த பர்மா ஸ்டாரில் பெயரே பொறிக்கவில்லை. இந்தியப் படையினருக்குக் கொடுத்ததில் பொறித்தார்கள். பெயரும் வீட்டுக் கதையும் ஒத்துப் போவதைவிட வேறென்ன சான்று வேண்டும்? பெயரில் ஒரு எழுத்து மாறியதற்குக் கவலைப்படாதீர்கள், எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதுவார். எண்தான் முக்கியம். தென்னாட்டுச் சாப்பர் என்றால் பெரும்பாலும் எங்கள் ஆள்தான். பெங்களூரில் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், அதுதான் மெட்ராஸ் சாப்பர்ஸ்) ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு அந்த எண்ணைக் குறிப்பிட்டு, வாரிசு என்று எழுதிக் கேளுங்கள்.

கோட்டையூர் சேகரிப்பு:
அண்ணன் சொன்னதோடு இதையும் பார்த்துவிடுங்கள். அச்சில் அடித்த அசலில் கிரீடத்தின் வளைவுகள், எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக இருக்கும். வார்த்து எடுத்த நகலில் எழுத்து மழுங்கி, பரப்பில் ஊசிக்குத்து மாதிரி குழிகள் தெரியும், முனைகளில் அரம் போட்ட தடம் இருக்கும்.

வெள்ளி மெடல் முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் வார் மெடல். அதற்கு ரிப்பன் நடுவில் அகலமான ஆரஞ்சு, இருபுறமும் வெள்ளை, கறுப்பு, ஓரத்தில் நீலம். மேலே ரிப்பன் கோக்கும் கம்பி அசையாமல் இருக்க வேண்டும், சுழன்றால் பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். குறுக்களவு 36 மில்லிமீட்டர். காலிப்பரால் நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள்.

பள்ளத்தூரான்:
ஸ்டாரின் எழுத்தெல்லாம் கூர்மை, குழி ஒன்றும் இல்லை. வெள்ளி மெடலின் கம்பி அசையவில்லை. ஆனால் ஒரு இடத்தில் 36, இன்னொரு இடத்தில் 35.4 வருகிறது. அந்த இடத்தில் விளிம்பு தட்டையாக, குறுக்கே மெல்லிய கீறலாக இருக்கிறது. பெயர் இல்லை. முடிவில் மட்டும் எல்.ஐ. என்று இரண்டு எழுத்து நிற்கிறது.

கோட்டையூர் சேகரிப்பு:
பெயரை அரத்தால் ராவி எடுத்திருக்கிறார்கள். மனது கஷ்டமாக இருக்கிறது, அது ஒரு மனுஷனின் பெயர். விற்பதற்காகச் செய்திருப்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றுகிறவர்களுக்கு இப்படி ராவிய மெடல் புதிதில்லை. மெடல் அசல்தான், ஆனால் பெயர் போனதால் சேகரிப்பவர்கள் அதிக விலை தர மாட்டார்கள். வெள்ளிக்கடையில் எடைக்குப் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். 1980-இல் வெள்ளி விலை ஏறியபோது இப்படித்தான் ஏராளமான வார் மெடல்கள் உருக்கப்பட்டன.

எல்.ஐ. என்றால் லைட் இன்ஃபன்ட்ரி, காலாட்படையில் ஒரு வகை. நம் பக்கத்துக்கு 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 83-ஆவது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி இரண்டும் உண்டு, மராட்டா லைட் இன்ஃபன்ட்ரி மாதிரி வெளியூர்ப் படைகளும் உண்டு. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, அந்த இரண்டு எழுத்துக்கு முன்னால் இருக்கும் இடத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். ராவியதில் ஆழமான கோடு ஒன்றிரண்டு தப்பியிருக்கும், படைப்பிரிவையாவது பிடித்துவிடலாம்.

பள்ளத்தூரான்:
நன்றி அண்ணே, சிப்பாய் ஐயாவுக்கும். இன்று ராத்திரி படம் எடுத்துப் போடுகிறேன். ஸ்டாருக்குச் சரியான ரிப்பன் வாங்கிக் கோக்கலாமா, இல்லை இப்படியே விடலாமா?

பழைய சிப்பாய்:
சரியான நிறத்தில் வாங்கிக் கோத்துவிடுங்கள், 32 மில்லிமீட்டர் அகலம் கேளுங்கள். பழைய ரிப்பனைத் தூக்கிப் போடாமல் ஒரு காகித உறையில் போட்டு, எந்த மெடலில் இருந்தது என்று எழுதி வையுங்கள்.