கான்செர்ட்கெபௌ அரங்கின் முதல் நாள் உறை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஆம்ஸ்டர்டாமில் 1888 ஏப்ரல் 11 அன்று திறக்கப்பட்ட கான்செர்ட்கெபௌ இசையரங்கின் நூற்றாண்டையொட்டி நெதர்லாந்து 1988இல் வெளியிட்ட அஞ்சல்தலையின் முதல் நாள் உறையை (தலை வெளியான நாளன்றே அதை ஒட்டி முத்திரையிட்ட உறை), இசையரங்குகள் குறித்து நான் தயாரித்துவரும் காட்சித் தொகுப்புக்காகத் தேடி வருகிறேன். மென்மண்ணில் மரத்தூண்கள்மீது எழுப்பப்பட்ட அக்கட்டடம் 1980களில் அமிழ்வது தெரியவந்து, அடித்தளமே புதுப்பிக்கப்பட்டுக் காப்பாற்றப்பட்டதால், இத்தலையை வெறும் நூற்றாண்டு நினைவாக மட்டும் என்னால் பார்க்க இயலவில்லை. தொகுப்பின் முதல் பக்கத்துக்குரியது இதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

என்னிடமுள்ள முத்திரை படாத ஒரே தலையின் பின்புறப் பசையில் பழைய ஒட்டுத்தாளின் (தலையை ஏட்டில் ஒட்டப் பயன்படும் சிறு தாள்) துணுக்கு இறுகியிருக்கிறது. அதை ஈரப்படுத்தி அகற்றலாமா, அப்படியே விடுவதா என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். முதல் நாள் உறை வைத்திருப்பவர்கள் விலையையும் இருபுறப் படங்களையும் அனுப்ப வேண்டுகிறேன். அஞ்சல் செலவை நானே ஏற்கிறேன்.