மேக் மினி: இப்போதே வாங்குவதா, பொறுத்திருப்பதா?

வணக்கம். மயிலாப்பூரில் வீட்டிலிருந்தே திருமண ஆல்பங்கள் வடிவமைக்கிறேன். என் பழைய கணினி ஒரு படத்தைத் திறப்பதற்குள் ஃபில்டரில் டிகாஷனே இறங்கிவிடுகிறது.

ஆப்பிளின் சிறிய மேசைக் கணினியான மேக் மினிமீது ஆசை. எம்1 சிப் கொண்டது 2020 நவம்பரில், எம்2 2023 ஜனவரியில், எம்4 2024 நவம்பரில் வந்தன. அடுத்தது எப்போது வருமென்று இதில் என்ன கணக்குப் போடுவது? எம்4 மாடல் 12.7 செ.மீ. சதுரமாகச் சுருங்கியது, அழகுதான். பவர் பட்டனை அடியில் வைத்த புண்ணியவான் யாரோ! அடுத்ததில் அதை மாற்றுவார்கள், 256 ஜிபிக்குப் பதில் 512 ஜிபி சேமிப்பை அடிப்படை விலையிலேயே தருவார்கள் என்பது என் பேராசை.

கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விசாரித்தால் “இன்றே எடுத்துச் செல்லுங்கள்” என்கிறார்கள். விற்பவர் வேறென்ன சொல்வார்?

தை முகூர்த்தங்களுக்குள் வேலை தொடங்கியாக வேண்டும். ரேம் எனும் நினைவகத்தைப் பிறகு கூட்டவும் முடியாது. எம்4இல் ஃபோட்டோஷாப் பயன்படுத்துவோர் சொல்லுங்கள்: 16 ஜிபி ரேம் போதுமா, 24 வேண்டுமா?